வைரஸ் எல்லாமே ஒட்டுண்ணியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைரஸ்கள் பற்றிய தங்கள் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் எப்படிப் பரவுகிறது என்பதை வெள்ளை ஈயிலிருந்து தொடங்கி விளக்கியிருந்தது அருமை. ஆனால், 'வைரஸ்கள் யாவும் ஒட்டுண்ணிகளே' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடநூலும் 'கட்டாய ஒட்டுண்ணி' என்றுதான் சொல்கிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும், அறிவியல் இதழுக்குப் போதாது.

உயிரே இல்லாதது எப்படி ஒட்டுண்ணியாகும் என்று சிலர் கேட்பதுண்டு. என் ஆட்சேபம் அது அல்ல. புகையிலைத் தேமல் வைரஸை வெண்டல் ஸ்டான்லி 1935-ல் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பைப் போல இருந்த அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் மறுபடியும் நோய் வந்தது. வைரஸுக்கு உயிர் உண்டா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அது பாட்டுக்கு நடக்கட்டும். நான் கேட்பது, இடம் கொடுத்த உயிருக்கு என்ன நஷ்டம் என்பதை மட்டும்தான். சொந்தமாகப் புரதம் செய்துகொள்ள வழியில்லாததால் எல்லா வைரஸும் ஏதோ ஒரு செல்லை அண்டியே இருக்கிறது. ஆனால் அண்டியிருக்கிற எல்லாமே கெடுப்பதில்லை.

முட்டைக்கோஸ் போடுகிறவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தெரியாமல் இருக்காது. அதன் புழுவைத் தேடி வருகிறது கோட்டீசியா என்ற சின்னஞ்சிறு குளவி. புழுவின் உடலைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. வழக்கமாக இப்படி அந்நியப் பொருள் ஏதாவது நுழைந்தால் புழுவின் இரத்தச் செல்கள் அதைச் சூழ்ந்து, மூடி, அழித்துவிடும். இங்கே அது நடப்பதில்லை. காரணம், குளவி தன் சினைப்பையில் உருவான வைரஸ் துகள்களையும் முட்டையோடு சேர்த்துச் செலுத்திவிடுகிறது. அவை புழுவின் செல்களுக்குள் புகுந்து அந்தக் காவலை முடக்குகின்றன. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு உள்ளேயே வளர்ந்து, பிறகு வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், புழுவுக்குள் இந்த வைரஸ் பெருகுவதே இல்லை. அதை உண்டாக்கும் மரபணுக்கள் குளவியின் மரபணுத் தொகுதியிலேயே பதிந்து, தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன. இந்த உறவு சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் இது யாருடைய ஒட்டுண்ணி? இது இல்லாமல் குளவிக்கு வம்சமே இல்லை. புழுவைப் பொறுத்தவரை ஒட்டுண்ணி குளவிதான், வைரஸ் அதன் கையாள்.

இதை வைரஸ் கணக்கில் சேர்ப்பதா என்று வகைப்பாட்டாளர்களுக்குள்ளேயே பேச்சு இருக்கிறது. சேர்க்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு சான்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், சூடான மண்ணில் ஒரு புல் வளர்கிறது. புல்லுக்குள் ஒரு பூஞ்சை, பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். வைரஸை நீக்கிய பூஞ்சையோடு வளர்த்த புல், 65 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்கவில்லை. வைரஸைத் திரும்பச் சேர்த்ததும் தாங்கியது. இந்த ஆய்வு 2007-ல் வெளியானது.

காலராவிலோ கதை வேறு. காலரா நச்சுக்கான மரபணு அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சொத்து அல்ல, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-ல் தெரியவந்தது. அந்த வைரஸ் தனக்கு இடம் கொடுத்த பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அது தந்த நச்சினால் நமக்கு வயிற்றுப்போக்கு கண்டு, பாக்டீரியா ஊரெல்லாம் பரவுகிறது. கடைசியில் உதைபடுவது நாம்தான்.

ரேபிஸையும் போலியோவையும் பெரியம்மையையும் தாராளமாக ஒட்டுண்ணி என்று எழுதுங்கள். 'யாவும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த பகுதியில் குளவிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படம் வேண்டுமென்றால் மருந்தடிக்காத முட்டைக்கோஸ் தோட்டம் ஏதாவது ஒன்றில் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
உடுமலைப்பேட்டை.