கருவி தவறினால் கூலி தவறக் கூடாது: ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தில் புதிய வேலை உறுதிச் சட்டத்தின் விதிகளையும் செயலிகளையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் அம்மா திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் அது வந்த ஆறு மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்றிலிருந்து அம்மா அந்த வேலைக்குப் போகிறார். செயலி எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் ஏரியில் மண் வெட்டும் வேலை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஏரி வேலை, எப்படி நடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வேலை எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் நாற்று நடவும் களை பறிக்கவும் போகும் பெண்களுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டப் போகும் ஆண்களுக்கு வேறு கூலி. ஏரி வேலையில் இருவருக்கும் ஒரே கூலி. அதைக் கையில் வாங்கிய முதல் வாரத்தை அம்மா இன்றும் சொல்வார். பணத்தைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது வேறு. வயலுக்குக் கூப்பிடுகிறவரிடம் "அந்தக் கூலிக்கு வர முடியாதுங்க, ஏரி வேலை இருக்கு" என்று ஒரு பெண் நின்று சொல்ல முடிந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். அதில் பாதிப் பேரையாவது நீங்கள் நேரில் பார்த்தால் "பாட்டி" என்றுதான் கூப்பிடுவீர்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலையைத் தந்த பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது. செலவில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும். விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். இவற்றைப் பற்றி எனக்கு வருத்தங்கள் உண்டு. அந்த 60 நாள்தான் அம்மா மேலே சொன்ன பதிலைச் சொல்ல வேண்டிய காலம். ஆனால் அதைப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தச் சட்டத்தில் இருக்கும் தொழில்நுட்பப் பகுதியை. விரல்ரேகை, முகம் போன்ற உடல் அடையாளச் சரிபார்ப்பு, ஜிபிஎஸ், கைப்பேசி வழிக் கண்காணிப்பு, முறைகேட்டைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு என்று அது விரிகிறது. என் தொழிலைச் சேர்ந்த சொற்கள் இவை. அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

இதற்கு ஒரு முன்னோட்டத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் என்எம்எம்எஸ் என்ற வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தீர்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர, எல்லா வேலைத் தளங்களிலும் அது கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தன் கைப்பேசியில் காலையில் ஒரு முறையும் பிறகு ஒரு முறையும் வேலையாட்களைப் படம் பிடித்து, இடக்குறியோடு ஏற்ற வேண்டும். அந்தப் பொறுப்பாளரும் பெரும்பாலும் ஊரில் இருக்கும் ஒரு பெண்தான். நல்ல போன் அவர் வாங்க வேண்டும். சிக்னலை அவர்தான் தேட வேண்டும். படம் ஏறவில்லை என்றால் நாற்பது பேருடைய கேள்விக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காகித மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவுத் தாள், இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்கள் பெயரிலும் ஊரில் இல்லாதவர்கள் பெயரிலும் கூலி எடுத்த கதைகள் நாடு முழுக்க உண்டு. அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. ஆனால் படம் அதைத் தடுத்ததா? இதற்கு நான் பதில் சொல்ல வேண்டாம். 2025 ஜூலையில் உங்கள் அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை சொல்லிவிட்டது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஒரே படம் பல மஸ்டர் ரோல்களில் வருகிறது, காலையில் இருந்த ஆட்கள் பிற்பகல் படத்தில் இல்லை, பதிவில் ஆண் என்றிருக்கப் படத்தில் பெண் இருக்கிறார் என்றெல்லாம் அதில் பட்டியலிட்டீர்கள். பிறகு ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஏமாற்ற நினைத்தவர் ஏமாற்றிவிட்டார். நேர்மையாக வந்து மண் வெட்டியவர் வெயிலில் படத்துக்காகக் காத்து நின்றார்.

காத்து நின்றார் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதுதான் சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியாத இடம். எனக்கே அம்மா சொல்லித்தான் புரிந்தது. ஏரி வேலை மணிக்கணக்கு வேலை இல்லை, அளவு வேலை. இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று கயிறு பிடித்து அளந்து கொடுப்பார்கள். ஓவர்சியர் வந்து அளந்து எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதுவார். வெட்டிய மண்ணின் அளவுக்குத்தான் கூலி. அதனால் பெண்கள் விடிந்ததும் போய், வெயில் ஏறுவதற்குள் பங்கை வெட்டி முடித்து, வீட்டுக்கு வந்து ஆட்டையும் மாட்டையும் பார்ப்பார்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட ஏற்பாடு. செயலி வந்த பிறகு பங்கை முடித்தவரும் இரண்டாவது படத்துக்கு அங்கேயே இருக்க வேண்டும். முதல் படத்திலிருந்து நான்கு மணி நேரம் கழித்து அடுத்ததை எடுக்கலாம் என்று பிறகு கொஞ்சம் தளர்த்தினீர்கள், சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றவும் வழி செய்தீர்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. மண்ணின் அளவுக்குக் கூலி தரும் வேலையில் முகத்தை இரண்டு முறை பார்த்து என்ன தெரிந்துகொள்கிறோம்? ஆள் அங்கே நின்றார் என்பது மட்டும் தெரியும். அவர் வெட்டினாரா என்பது குழியைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இனிமேல் செயற்கை நுண்ணறிவு அந்தப் படங்களைப் பார்க்கும் என்கிறீர்கள். 2018இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று பெரிய வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளுத்த நிறமுள்ள ஆண்களிடம் பிழை ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த நிறமுள்ள பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அதன்பின் அந்த நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்திக்கொண்டன. ஆனாலும் எங்கள் ஏரியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண் படிந்த முகத்தோடு நிற்பார்கள். மலிவான போன், எதிர்வெயில். "பதிவில் பெண், படத்தில் ஆண்" என்று இயந்திரம் சந்தேகப்பட இதைவிட வேறு என்ன வேண்டும்? நூறு படத்தில் ஒன்றுதான் தவறும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் படத்துக்கு ஒரு லட்சம் தவறு. எங்கள் தொழிலில் ஒரு விழுக்காட்டுப் பிழை என்றால் கைதட்டுவார்கள். அந்த ஒரு லட்சத்தில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நாள் கூலி. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நீங்கள் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிற்சாலைக்கு முகம் பார்த்து வருகை பதியும் மென்பொருளை எங்கள் குழு எழுதியது. சோதனையில் நன்றாக ஓடியது. மழைக்காலத்தில் வாசலில் ஒரு தகரக் கூரை போட்டார்கள். வெளிச்சம் மாறிவிட்டது. இரவு வேலைக்கு வந்த பதினான்கு பேர் வரவில்லை என்று பதிவானது. காலையில் அவர்கள் மாடியில் இருந்த அலுவலகத்துக்கு நேராகப் போய் நின்றார்கள். மேற்பார்வையாளரின் நோட்டில் பதினான்கு பெயரும் இருந்தன. அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது. காரணம் எங்கள் திறமை இல்லை. ஒப்பந்தத்தில் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு வரியை எழுத வைத்திருந்தார்கள்: கருவி பதியத் தவறினால் மேற்பார்வையாளரின் நோட்டே செல்லும். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, எங்கள் மென்பொருளை நம்பவில்லையே என்று. இன்று அந்த வரியை எழுதியவரை நினைத்து நன்றியாக இருக்கிறது.

அம்மாவுக்கு அப்படி ஒரு மாடி இல்லை. விதிவிலக்காகக் கையால் வருகை பதிய மாவட்ட அளவில், அதாவது தமிழ்நாட்டில் ஆட்சியர் மட்டத்தில், ஒப்புதல் வாங்கலாம் என்று வழி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் படம் ஏறாததற்காக அறுபது வயதுப் பெண் ஒருவர் அந்த ஒப்புதலை எங்கே, யாரிடம், எந்தப் பேருந்துக் காசில் போய்க் கேட்பார்? அவரிடம் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. முன்பு மஸ்டர் ரோலில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார். பக்கத்தில் நிற்பவர் பார்த்தார். யார் வேண்டுமானாலும் அந்தத் தாளை வாங்கிப் படிக்கலாம், ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கு அதுவே ஆதாரம். இப்போது பதிவு ஆனதா இல்லையா என்பது பொறுப்பாளரின் போனுக்குள் இருக்கிறது. பழைய சட்டத்தில் கூலி 15 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு. 336 ரூபாய்க்கு அது சுமார் 17 பைசா. பதிவே ஆகாத நாளுக்கு அந்த 17 பைசாவும் கிடையாது. தாமதமான கூலியாகக்கூட அது கணக்கில் வராது. நடக்காத நாளாகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி முதல் கூலி முழுவதும் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு வழியாகத்தான் என்றாக்கினீர்கள். 2023இல் மட்டும் அந்தக் கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளி வைத்தபோதே இதில் என்ன சிக்கல் என்று தெரிந்திருக்கும். தமிழ்ப் பெயர்களில் அது இரட்டைச் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது ஓர் அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், வேறொன்றில் கணவர் பெயராக விரிந்திருக்கும். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத மூன்று வழிகள். ஒரே பெண் வேலை அட்டையில் ஒருவர், ஆதாரில் இன்னொருவர், வங்கிப் புத்தகத்தில் மூன்றாமவர். எழுத்துக்கூட்டியது அவர் இல்லை. எங்கோ ஒரு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவசரத்தில் தட்டியது. அதைத் திருத்த அலைவது மட்டும் அவர்.

ஆகவே நான் கேட்பது அந்தத் தொழிற்சாலை ஒப்பந்தத்தில் இருந்த வரியைத்தான். செயலியோ, சர்வரோ, சிக்னலோ, முகம் பார்க்கும் மென்பொருளோ தவறினால், தளத்தில் வேலையாட்களும் பொறுப்பாளரும் கையெழுத்திட்ட தாளே செல்லும் என்று விதியில் எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள், செயலிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். சந்தேகம் என்று இயந்திரம் கொடி காட்டினால் ஓர் ஆள் ஊருக்கு வந்து குழியை அளந்து பார்க்கட்டும், அதுவரை கூலியை நிறுத்தாதீர்கள். பொய் என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும். நான் வேலை செய்தேன் என்று நிரூபிக்கும் வேலையை அவர்கள் ஏற்கெனவே மண்வெட்டியால் செய்துவிட்டார்கள். அப்புறம், ஒவ்வொரு வாரமும் எத்தனை நாள் பதிவானது என்று தமிழில் ஒரு சின்னச் சீட்டு. குறுஞ்செய்தி போதாது. பல வீடுகளில் போன் மகனிடமோ பேரனிடமோ இருக்கிறது. சீட்டு இடுப்பில் இருக்கும் சுருக்குப்பையில் இருக்கும்.

செயலியை வெளியிடுவதற்கு முன்பு அதை எழுதியவர்களைப் பத்து நாள் ஏதாவது ஓர் ஏரிக்கு அனுப்புங்கள். எங்கள் ஊர் ஏரிக்கே வரலாம். பங்குனிக்குப் பிறகு வந்தால் நல்லது. சிக்னல் எங்கே கிடைக்கும் என்று அம்மா காட்டுவார். கலங்கல் பக்கத்தில் இருக்கும் புளியமரத்தடியில் நின்றால் சில நேரம் வரும்.

இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கூலியை நேரத்துக்குப் போடச் சொல்லி எழுதினியா?" என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

பதில் அனுப்பினால் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஏரி வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகன்