கத்திரிக்கோல் தாத்தா

மீனா,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதிலே போடலன்னு திட்டாதடி. அம்மாவுக்கு கண் ஆபரேஷனும் ஆபீஸ்ல ஆடிட்டும் ஒண்ணா வந்து மாட்டிக்கிச்சு. இப்போ அம்மா சூப்பரா இருக்காங்க, டிவில கீழ ஓடற எழுத்தெல்லாம் சத்தமா படிச்சு என் உயிர எடுக்கறாங்க.

சரி நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். உன் பொண்ணு செவுத்துல ஒட்டி வெச்சிருக்கற போட்டோல நிர்வாணா பேண்டு பாடகன் கர்ட் கோபேன் கூட நிக்கற ஒல்லி தாத்தா அவனுக்கு சொந்தக்காரரும் இல்ல மேனேஜரும் இல்ல, அவரு வில்லியம் பரோஸ், நாவலாசிரியர். 1993 அக்டோபர்ல கன்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல இருந்த அவர் வீட்டுக்கு கோபேன் தேடிப் போனப்ப எடுத்தது. தாத்தாவுக்கு அப்போ 79, பையனுக்கு 26. ஆறு மாசத்துல பையன் போய்ட்டான், தாத்தா 1997 வரைக்கும் இருந்தார். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஒரு ரெக்கார்டு போட்டுட்டாங்க, ஆனா ஒரே ரூம்ல உக்காந்து இல்ல. இவர் லாரன்ஸ்ல தன்னோட பழைய கதை ஒண்ண வாசிச்சு டேப்ல குடுத்தார், அவன் சியாட்டில்ல அதுக்கு கிடார கரகரன்னு இழுத்து நடுவுல 'சைலன்ட் நைட்' பாட்ட பிச்சு பிச்சு போட்டான். கதை என்னன்னா கிறிஸ்துமஸ் ராத்திரி, போதைக்கு அலையற ஒருத்தன் எப்படியோ தேத்துன மருந்த பக்கத்து ரூம்ல வலில துடிக்கற பையனுக்கு குடுத்துடறான். நம்ப மாட்ட, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. கோபேன் தன்னோட வீடியோ ஒண்ணுல சிலுவைல தொங்கற கிழவனா நடிக்கவும் அவர கூப்டான், அவர் மாட்டேன்னுட்டார்.

பரோஸோட தாத்தா யாருன்னு கேளு, கணக்கு எழுதற நாம கையெடுத்துக் கும்பிடணும், கூட்டல் மெஷின் செஞ்சு கம்பெனி ஆரம்பிச்ச பரோஸ். பேரன் ஹார்வர்ட்ல 1936ல படிச்சு முடிச்சுட்டு ஒரு வேலைலயும் உருப்படியா நிக்கல, வீட்லேர்ந்து மாசம் 200 டாலர் வரும், அதுல ஹெராயின். ஒருத்தர் மேல இருந்த காதல காட்ட சுண்டு விரல் நுனிய வெட்டிக்கிட்ட ஆளு வேற. ஆனா போட்டோல பாத்தியா, கோட்டு, டை, தொப்பி, ரிடையரான பேங்க் மேனேஜர் மாதிரி இருப்பார். அந்த வேஷம்தான் ராக் பசங்கள மயக்கிடுச்சுன்னு நெனைக்கிறேன், இவங்க முடி வளத்து கிழிஞ்ச பேன்ட் போட்டு செஞ்ச கலகத்த இவர் கோட்டு போட்டுக்கிட்டே எப்பவோ செஞ்சிருந்தார்.

ராக் பசங்க அவர்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது என்னன்னா கத்திரிக்கோல். 1959ல பாரிஸ்ல பிரயன் கைசின்னு அவரோட ஓவியர் நண்பர் அட்டைய கத்தி வெச்சு வெட்டறப்ப அடில விரிச்சிருந்த நியூஸ்பேப்பரும் சேந்து அறுந்துடுச்சு, துண்ட மாத்தி வெச்சு படிச்சா என்னென்னமோ வாக்கியம் வருது. பரோஸ் அதையே புடிச்சுக்கிட்டு எழுதினத எல்லாம் வெட்டி ஒட்டி நாவலாவே போட்டார், டேப்பையும் வெட்டினார். இங்கிலீஷ் ராக் பாடகர் டேவிட் போவி அப்படியே எடுத்துக்கிட்டார். 1974ல ரெண்டு பேரும் பேசினது ரோலிங் ஸ்டோன் பத்திரிகைல வந்துச்சு, அடுத்த வருஷம் பிபிசி டாக்குமென்டரில போவி பாட்டு வரிய பேப்பர்ல எழுதி கீத்து கீத்தா வெட்டி மாத்தி வெச்சுக் காட்டுவார் பாரு, யூட்யூப்ல இருக்கும். 90கள்ல அதையே செய்ய கம்ப்யூட்டர் புரோகிராமே வெச்சிருந்தார்.

உண்மைய சொல்லணும்னா அந்த வெட்டி ஒட்டின நாவல்கள என்னால பாதிகூட தாண்ட முடியல. நாலு பக்கம் பிரமிப்பா இருக்கு, அப்புறம் தலை சுத்துது, புடிச்சுக்க ஒண்ணும் இல்ல. பாட்டுல அந்தப் பிரச்சினையே வராது பாரு, மெட்டும் டிரம்ஸும் புடிச்சுக்கும், அர்த்தம் அறுந்து அறுந்து வந்தாலும் மூணு நாலு நிமிஷம் நாம கூடவே போயிடுவோம். அதனாலதான் அந்த வித்தை புஸ்தகத்த விட பாட்டுல நல்லா பலிச்சுதுன்னு சொல்றேன், உங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

பேரும் எடுத்துக்கிட்டாங்க. சாஃப்ட் மெஷின்னு ஒரு இங்கிலீஷ் பேண்டு, அவரோட நாவல் பேர். ஸ்டீலி டான்னு ஒரு அமெரிக்க பேண்டு, அந்தப் பேரு அவரோட 'நேக்கட் லஞ்ச்' நாவல்ல வர்ற ஒரு பொருளோடது, என்ன பொருள்னு மெயில்ல எழுத மாட்டேன், போன்ல சொல்றேன். பீட்டில்ஸ் 1967 ஆல்பம் அட்டைல கூட்டத்துக்கு நடுவுல இவரும் நிக்கறார். 70கள்ல நியூயார்க்ல ஜன்னலே இல்லாத ஒரு பழைய லாக்கர் ரூம்ல குடியிருந்தார், பேரு பங்கர், பங்க் பேண்டுங்க வாசிச்ச சிபிஜிபி கிளப் அதே தெருவுல நடந்து போற தூரம்தான், பங்க் பாடகி பாட்டி ஸ்மித் எல்லாம் வந்து போவாங்க. 1975ல ஒரு பத்திரிகைக்காக லெட் செப்ளின்னு ஒரு ராக் பேண்டு கச்சேரிக்குப் போய்ட்டு வந்து இவர் எழுதினது மொராக்கோ மலை கிராமத்து ஊதுகுழல்காரங்கள பத்தி, அந்த வாசிப்புல ஆளுங்களுக்கு அருள் வர்ற மாதிரிதான் இதுவும்னு.

ஒண்ணு மட்டும் எனக்கு ஜீரணமே ஆகல. 1951 செப்டம்பர் 6, மெக்சிகோ சிட்டி. குடிச்சிருக்காங்க, பையன் தலைல ஆப்பிள வெச்சு அம்பு விட்ட வில்லியம் டெல் கதை மாதிரி செய்யலாம்னு மனைவி ஜோன் வோல்மர் தலை மேல கிளாஸ வெச்சு சுட்டார், குண்டு நெத்தில. ஜெயில்ல இருந்தது 13 நாள். நாலு வயசு பையன் பில்லி தாத்தா பாட்டிகிட்ட வளந்து, குடிச்சு குடிச்சு ஈரல் போயி 1981ல 33 வயசுல செத்தான். ஜோன் சாகலன்னா நான் எழுத்தாளனாவே ஆயிருக்க மாட்டேன்னு பின்னாடி அவரே எழுதி வெச்சார். படிச்சப்ப எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு, அவ செத்தது இவருக்கு எழுத வர்றதுக்காகவா? இந்த பேண்டுகாரங்க பேட்டி எத்தனை பாத்தாலும் கோட்டு, துப்பாக்கி, போதைன்னு ஹீரோவாவே பேசறாங்க, ஜோன் பேரு வாய்ல வரதில்ல.

ஆனா 1990ல ஹாம்பர்க்ல 'தி பிளாக் ரைடர்'னு ஒரு இசை நாடகம், பாட்டு டாம் வெயிட்ஸ், டைரக்‌ஷன் ராபர்ட் வில்சன், வசனம் பரோஸ். பழைய ஜெர்மன் கதைடி. துப்பாக்கி புடிக்கவே தெரியாத ஒருத்தன் கல்யாணம் ஆகணும்னா சுடற போட்டில ஜெயிக்கணும், சாத்தான்கிட்ட மந்திர குண்டு வாங்கறான், எல்லாம் குறி தப்பாம போகுது, கடைசி குண்டு மட்டும் சாத்தானோடது, அது பொண்ணு மேலயே பாயுது. 76 வயசுல இத உக்காந்து எழுதியிருக்கார். வெயிட்ஸ் அதுக்கு போட்ட பாட்டு திருவிழா கூடாரத்துல ஓட்ட ஆர்மோனியம் வாசிக்கற மாதிரி இழுக்கும். அவரோட எந்த நாவல விடவும் எனக்கு இது பெருசா பட்டுது. மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல.

உன் பொண்ணுக்கு 'நேக்கட் லஞ்ச்' குடுக்கலாமான்னு கேட்டிருந்த. இப்போ வேணாம், ஆனா வேணாம்னு வாய விட்டு சொல்லிடாத, அன்னிக்கே டவுன்லோட் பண்ணிடுவா. பாடகி லாரி ஆண்டர்சனோட 1984 ஆல்பத்துல கடைசி பாட்டுல அவர் பேசறத மொதல்ல கேக்க சொல்லு, அந்த மூக்கால பேசற வறண்ட குரல் பாதி புஸ்தகத்துக்கு சமம். அப்படியே ஜோன் கதையையும் நீயே சொல்லிடு.

உன் டிரான்ஸ்பர் என்னாச்சு? கோயம்புத்தூரே குடுத்துட்டாங்களா இல்ல இன்னும் இழுக்கறாங்களா? அம்மா உன்ன கேட்டாங்க, கண் கட்டு பிரிச்சதும் ஒன்னோட கல்யாண ஆல்பத்த எடுத்து பாத்துட்டு நீ அப்பவே குண்டுதான்னு சொன்னாங்க, எனக்கு சம்பந்தம் இல்ல.

— வசந்தி