ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை என் மனைவி மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. என் மகளும் இப்படித்தான் மாறினாள். முதல் ஓராண்டு பில் உண்மையிலேயே குறைந்தது. பதின்மூன்றாம் மாத பில்லைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஓடிய யூனிட் ஏறக்குறைய அதேதான், யூனிட்டின் விலை ஏறியிருந்தது. சலுகைக் காலம் முடிந்துவிட்டது என்ற செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாக இருந்தது. பழைய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மின்கம்பிக்கான கட்டணம் மட்டும் இரண்டிலும் ஒன்றே. யார் விற்றாலும் மின்சாரம் வருவது அதே கம்பி வழியாகத்தானே! போட்டியெல்லாம் பில்லின் மீதிப் பகுதிக்குத்தான்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பனை நிறுவனங்கள் மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் மொத்தச் சந்தையில் விலை இறங்கும் காலத்தில், விழிப்பாக மாறிக்கொண்டே இருப்பவருக்கு மிச்சம் உண்டு. ஆனால் விலை ஏறினால் அந்த அடியை யார் தாங்குவது? சந்தையைத் திறந்துவிட்ட இடங்களில் எல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பெரும்பகுதியில் 2002 முதல் வீட்டுக்காரர்களே விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குத் தரும் திட்டமும் அங்கே இருந்தது. சாதாரண நாட்களில் அது மலிவுதான். 2021 பிப்ரவரியில் கடும் பனி வந்தது. எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் உறைந்தன, மொத்த விலை ஒரு மெகாவாட் மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது. அதாவது ஒரு யூனிட் 9 டாலர்! அந்தக் குளிரில் ஹீட்டரை அணைக்க யாரால் முடியும்? ஆயிரக்கணக்கான டாலருக்கு பில் வந்த வீடுகள் உண்டு. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது சந்தைக் கணக்கு. குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் அது செல்லாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அதே ஆண்டு அந்த மாநிலம் வீடுகளுக்கு அவ்வகைத் திட்டத்தைத் தடை செய்தது.

கலிபோர்னியாவில் நடந்தது இன்னொரு வகை. 2000 கோடையில் மொத்த விலை தாறுமாறாக ஏறியது. சில்லறை விலைக் கட்டுப்பாடு நீங்கியிருந்த சான் டியாகோவில் வீட்டு பில் இரு மடங்குக்கும் மேல் போனது. கட்டுப்பாடு நீடித்த பகுதிகளில் சுமை விநியோக நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அவற்றில் பெரிய ஒன்று 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. பிரிட்டனிலும் 2021-இல் சிறு விற்பனையாளர்கள் வரிசையாக மூடினார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது.

அதனால், உன்னிடம் வந்த விற்பனையாளரிடம் கேள்: விலை எத்தனை மாதத்துக்கு நிலையானது, அதன் பிறகு எதன்படி மாறும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? எழுத்தில் தரச் சொல். நகலை எனக்கு அனுப்பு, கண் தெளிந்த உற்சாகத்தில் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். பேத்தியின் படமும் ஒன்று சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்