டிசம்பர் மதியச் சாப்பாடு பற்றி

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சாந்தா லூசியா நாளையொட்டி (டிசம்பர் 13) வரும் சனிக்கிழமை, வழக்கம்போல நம் தமிழ்ப் பள்ளியில் மதியச் சாப்பாடு உண்டு. இம்முறை முன்கூட்டியே சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளில் மூவருக்கு சீலியாக் நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் உள்ளே போனால் அவர்களின் சிறுகுடல் பழுதாகும். ‘கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்தால் பழகிவிடும்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

போன வருடம் தவறு எங்களுடையது. குளூட்டன் இல்லாத பாஸ்தாவைத் தனிச் சட்டியில்தான் அவித்தோம். ஆனால் மற்றப் பாஸ்தாவை வடித்த அதே வடிதட்டில் கொட்டிவிட்டோம். அன்றிரவு ஒரு பிள்ளை வயிற்றுவலியில் தூங்கவில்லை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே ‘சென்ஸா குளூட்டினே’ (குளூட்டன் இல்லாதது) என்று பெட்டியில் போட ஐரோப்பியச் சட்டம் விடாது. ஓட்டைகளில் ஒட்டியிருந்த மா எம்மாத்திரம் என்று நினைத்தது எங்கள் பிழை.

அரசுப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்டால் தனிச் சாப்பாடு கிடைக்கும். நம் வார இறுதிப் பள்ளியில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இம்முறை எல்லோருக்குமே சோளமும் அரிசியும் கலந்த பென்னே (குழாய்ப் பாஸ்தா) தான். அனெல்லெத்தி (வளையப் பாஸ்தா) இல்லையா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், தெரியும். அனெல்லெத்தியோ, முறுக்கிய புசியாத்தேயோ, வழக்கமான உலர் பாஸ்தா எல்லாமே கோதுமை ரவை. வட இத்தாலியப் பித்சோக்கெரி பாஸ்தா கறுப்பாக இருப்பதால் கோதுமை இல்லையென்று நானே ஒருமுறை ஏமாந்தேன். அதிலும் கோதுமை மா கலந்திருக்கும். சமைக்க வரும் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை: குளூட்டன் இல்லாத பாஸ்தாவுக்குப் பிடிமானம் குறைவு. ஒரு நிமிடம் கூடினால் குழைந்து உடையும், ஆறினால் கட்டியாகும். பிறகு ஓவனில் வைக்கப் போவதால் பெட்டியில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னரே இறக்கிவிடுங்கள். தட்டில் பாண் தூள் தூவ வேண்டாம்.

‘அரிசிச் சாப்பாடுதானே’ என்று நம்பி எதையும் கொண்டுவராதீர்கள். அரன்சீனா உருண்டையின் உள்ளே சோறு, வெளியே பாண் தூள். குச்சீயா என்ற பலகாரம் முழுக் கோதுமையேதான். நம் இடியப்பத்திலும் பிட்டிலும் பாதிப் பேர் கோதுமை மா கலக்கிறோம். சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா இருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தனி அரிசிமா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தால் சந்தோசம்.

என்ன கொண்டுவருகிறீர்கள் என்று வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கியதென்றால் பெட்டியோடு வரட்டும்.

அப்புறம், புதிதாக ஒரு வடிதட்டு வாங்கியிருக்கிறேன், பச்சைக் கைப்பிடி. அதை வேறெதற்கும் எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்