வானத்திலிருந்து எதிரி வரும்போது ஒன்றுகூடும் அணியினருக்கு: கொழும்பிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புடைய காமிக்ஸ் வீரர் அணிகளான அவெஞ்சர்ஸ், ஜஸ்டிஸ் லீக் மற்றும் இதே தொழிலில் உள்ள ஏனைய அணியினருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே உள்ள ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். மொட்டை மாடிக்கு உடுப்புக் காயப்போடப் போகும்போதெல்லாம் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். இதுவரை காகங்களையும் பட்டங்களையும் தவிர எதுவும் வரவில்லை. வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்த மடல்.

உங்கள் மேல் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. படை எங்கிருந்து வந்தாலும் நியூயோர்க்கில்தான் இறங்குகிறது. நீங்களும் அங்கேயே நிற்கிறீர்கள். 1963 செப்டெம்பர் தேதியிட்ட அவெஞ்சர்ஸ் முதல் இதழை எழுதிய ஸ்டான் லீயும் வரைந்த ஜாக் கேர்பியும் அந்த ஊர்க்காரர்கள். தெரிந்த ஊரைத்தானே வரைவார்கள். இருந்தாலும், வானத்திலிருந்து வருபவனுக்கு மன்ஹட்டனும் மருதானையும் ஒரே உயரத்தில்தானே தெரியும்?

எங்கள் தலைமுறைக்கு உங்களுக்கு முன்பே பழக்கமானவர் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவர். பிரித்தானியச் சித்திரக்கதை ஒன்றிலிருந்து தமிழுக்கு வந்தவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். அந்த இதழ்கள் கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேரும்போது கடைசிப் பக்கம் இருக்காது. ஆகவே பல கதைகளில் உலகம் தப்பியதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, மாயாவி கொழும்பில் அகப்பட்டிருந்தால் எந்தச் சுவரில் கையை வைத்திருப்பார் என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் நினைத்துச் சிரித்திருக்கிறேன். உங்களில் மின்சாரத்தை நம்பி வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். தோர் மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை. மின்னலை அவரே கொண்டுவருவார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். வேற்றுலகப் படை வந்திறங்குவது உங்கள் ஊருக்கு மட்டும் நேர்வது என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் அது 1505இலேயே நடந்துவிட்டது.

அந்தச் சம்பவத்தின் அறிக்கை இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூலில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து ஓடிவந்தவர்கள் கோட்டே அரசனிடம் சொன்னதன் சாரம் இது: வெள்ளை நிறத்தில் ஒரு கூட்டம் வந்திருக்கிறது. இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு நிமிடம் நிற்பதில்லை, அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கல்லைக் கடித்துத் தின்கிறார்கள், இரத்தம் குடிக்கிறார்கள். ஒரு மீனுக்கும் ஓர் எலுமிச்சங்காய்க்கும் இரண்டு மூன்று பொற்காசு கொடுக்கிறார்கள். அவர்களுடைய பீரங்கியின் சத்தம் இடியையும் மிஞ்சுகிறது.

உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு இதைவிடத் தெளிவான தகவல் வந்ததுண்டா? இரும்பு உடல், புரியாத ஆயுதம், விளங்காத உணவு, சந்தை விலை தெரியாத பணக்காரத்தனம். எல்லாம் இருக்கிறது. வந்தவர்கள் போர்த்துக்கீசர், எங்கள் பேச்சில் பறங்கிகள். கல் என்றது பாண், அதாவது ரொட்டி; இரத்தம் என்றது வைன். அந்தப் ‘பாண்’ என்ற சொல்லே வந்தவர்களுடையதுதான். ஐந்து நூற்றாண்டுகளாக நாங்களும் அந்தக் கல்லைச் சம்பலோடு கடித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசன் என்ன செய்தான்? இளவரசன் ஒருவனை மாறுவேடத்தில் அனுப்பிப் பார்த்துவரச் செய்தான். சண்டை வேண்டாம், கூப்பிட்டுப் பேசுவோம் என்று முடிவாயிற்று. ஆனால் தலைநகரான கோட்டே இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடக் கூடாதே என்று, வந்த தூதர்களைக் காடும் சதுப்பும் சுற்றி மூன்று நாள் நடக்கவைத்துக் கூட்டிப் போனார்களாம். ‘பறங்கி கோட்டேக்குப் போனது போல’ என்று சிங்களத்தில் இன்றும் சொல்கிறார்கள். படையெடுத்து வந்தவனை நடக்கவிட்டுக் களைக்கவைக்கும் இந்த உபாயம் உங்கள் கதைகள் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை. உரிமம் கேட்கமாட்டோம், எடுத்துக்கொள்ளுங்கள். (துறைமுகத்தில் நின்ற அவர்களுடைய கப்பல்களிலிருந்து அடித்த பீரங்கிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் வந்தவர்கள் தூரத்தை ஊகித்துவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. உபாயம் நல்லதுதான், காதைப் பொத்தத்தான் மறந்துவிட்டார்கள்.)

உங்கள் கதைகளின் மூதாதையான எச். ஜி. வெல்ஸ், செவ்வாயிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைத் துவம்சம் செய்வதாக 1898இல் நாவல் எழுதியபோது, தஸ்மேனியாவின் பூர்வீகக் குடிகளுக்கு ஐரோப்பியர் செய்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டினார். எனவே இந்த ஒப்பீடு என் மூளையில் உதித்ததல்ல. லண்டன்காரர் கற்பனை செய்துபார்த்ததை நாங்கள் அனுபவித்துவிட்டோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எங்களிடமும் வீரர்கள் இருந்தார்கள். அணிதான் சேரவில்லை. 1521இல் கோட்டே அரசனை அவனுடைய மூன்று மகன்களே தீர்த்துவிட்டு இராச்சியத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மூத்தவன் புவனேகபாகு, சீதாவக்கையில் இருந்த தம்பி மாயாதுன்னைக்குப் பயந்து பறங்கியின் பீரங்கியைத் துணைக்கு அழைத்தான். தம்பி சும்மா இருப்பானா? அவன் கள்ளிக்கோட்டை மன்னன் சாமுத்திரியிடம் ஆள் கேட்டான். கடைசியில் 1551இல் களனியில் புவனேகபாகுவைச் சுட்டு வீழ்த்தியது, துணைக்கு வந்த பறங்கியின் துப்பாக்கியே. தவறுதலாகச் சுட்டதாகச் சொன்னார்கள். அவனுடைய பேரன் தர்மபாலன் 1580இல் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு உயில் எழுதிக் கொடுத்தான். வேற்றுலகத்தானுக்குப் பூமியை உறுதி முடித்துக் கொடுத்த கதை உங்களிடம் இருக்கிறதா? 1619இல் யாழ்ப்பாணமும் போயிற்று; சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிறகு கண்டி அரசன் இந்த அந்நியனை விரட்ட இன்னோர் அந்நியனை, ஒல்லாந்தரை, அழைத்தான். அவர்கள் 1656இல் கொழும்பைப் பிடித்துத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று அதற்கும் ஒரு சிங்களப் பழமொழி உண்டு.

அதனால்தான் 2012இல் வந்த உங்கள் திரைப்படத்தைப் பார்த்தபோது, நியூயோர்க் வானத்தைப் பிளந்துகொண்டு சிட்டௌரி என்ற வேற்றுலகப் படை கொட்டியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் படையைக் கூட்டிவந்தது யார்? தோரின் தம்பி லோக்கி. அண்ணன்மேல் உள்ள காய்ச்சலுக்கு வெளியிலிருந்து படை இறக்கியவன். திரையரங்கில் எல்லோரும் ஹல்க்கைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாயாதுன்னையையும் புவனேகபாகுவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனை விட்டு வெளியாரோடு சேர்ந்த வீடணனைக் களனியில் தெய்வமாகவே வைத்துக் கும்பிடும் நாடு இது. இந்த நுணுக்கமெல்லாம் எங்களுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான். இங்கிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால், அழைப்பது யார் என்று பாருங்கள். எங்களில் ஒருவர் மட்டும் தனியாக வந்து, மற்றவரால் ஆபத்து, உடனே வாருங்கள் என்று கூப்பிட்டால் வரவேண்டாம். அது எந்த மொழி பேசுபவராக இருந்தாலும் சரி. எல்லோரும் சேர்ந்து கூப்பிடும்வரை நியூயோர்க்கிலேயே இருங்கள். நீண்ட விடுமுறை கிடைக்கும்.

நீங்கள் ஒற்றுமையின் திலகங்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் இதழில் உங்களை ஒன்றுசேர்த்ததே லோக்கியின் சூழ்ச்சி பிசகியதுதான். ஹல்க் இரண்டாவது இதழிலேயே கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். நான்காவது இதழில் பனிக்கட்டிக்குள்ளிருந்து கப்டன் அமெரிக்காவைக் கண்டெடுத்தீர்கள். ஒருவர் போக ஒருவர் வர, வாய்த்தர்க்கம் ஓயாமல், அணி நடக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். பச்சை நிறத்தவரை யாரும் சிவப்பு நிறக் கவசம் போட்டுக்கொண்டு வரச் சொல்வதில்லை. எங்கள் ஊரில் ‘ஒன்றுபடுவோம்’ என்று மேடையில் யாராவது முழங்கினால், நீ என்னைப் போல ஆகிவிடு என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஜஸ்டிஸ் லீக் 1960இல் முதன்முதலில் தோன்றியபோது, விண்வெளியிலிருந்து வந்த ஒரு ராட்சத நட்சத்திர மீனோடு மோதியது. அந்த அணியில் இருந்த சுப்பர்மேன் கிரிப்டன் கிரகத்தவர். இன்னொருவர் செவ்வாய்க்காரர். வேற்றுலகத்தவரைத் தடுக்கும் அணியிலேயே வேற்றுலகத்தவர்! சுப்பர்மேன் ஊர் அழிந்து, குழந்தையாகத் தனியே அனுப்பப்பட்ட அகதி. அவர் கிளார்க் கென்ட் என்ற பெயரில் யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை கேட்டு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? தேசிய அடையாள அட்டை. கிராம சேவகர் அத்தாட்சி. பொலிஸ் பதிவு. நிரந்தர முகவரி: இல்லை, வெடித்துவிட்டது. வந்த நோக்கம்: உலகைக் காப்பாற்ற. எத்தனை நாள் தங்குவீர்கள்?

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு ‘அந்நியர்’ என்ற சொல்லின் எடை தெரியும். நீங்கள் வந்ததும் யாராவது அந்நியர்களின் பட்டியல் ஒன்றை உங்கள் கையில் தந்தால், சுப்பர்மேனை வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் சின்னது. அறிவிப்பைத் தமிழிலும் சொல்லுங்கள். ஒரு மழைக்காலத்தில் என் கைபேசிக்கு வெள்ள எச்சரிக்கை ஒன்று வந்தது. சிங்களத்தில் மட்டும். நான் வாசித்துவிடுவேன், மேல்மாடியில் தனியே இருக்கும் ஆச்சியால் முடியாது. படியேறிப் போய்ச் சொன்னேன். அதே செய்தி தமிழில் வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஆச்சி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. 2004 டிசம்பர் 26இல் எந்த மொழியிலும் எச்சரிக்கை வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்து, அலை எங்கள் கிழக்குக் கரையை எட்ட ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. இறந்தவர்கள் 30,000க்கும் மேல். இரண்டு மணித்தியாலம் என்பது உங்களுக்கு ஒரு முழுப் படத்தின் நீளம்.

இங்கே ஒன்றுகூடலே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2022 ஏப்ரலில் தொடங்கி, ஜனாதிபதி பதவி விலகவேண்டும் என்று காலிமுகத்திடலில் மாதக்கணக்காகக் கூடாரம் போட்டு இருந்தார்கள். தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. மே 18 அன்று, யுத்தத்தின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்து, அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். கொழும்பின் நடுவில், பகலில். இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள் என்று வடக்கிலிருந்து பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. கேட்டுக்கொண்டே ஒரு சிரட்டைக் கஞ்சியை வாங்கிக் குடித்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு.

இறங்கும் இடம் பற்றி: காலிமுகத்திடல் அகலமானது, பட்டம் விடும் பிள்ளைகளை மட்டும் கவனித்து இறங்கவும். எதிரி வாசல் திறப்பதென்றால் 350 மீற்றருக்கு மேல் நிற்கும் தாமரைக் கோபுரத்தைத்தான் தேர்ந்தெடுப்பான். அங்கே ஒருவரை முன்கூட்டியே நிறுத்துங்கள். சண்டை முடிந்ததும் நீங்கள் ஷவர்மா தேடுவீர்கள் என்று தெரியும். இங்கே கொத்துரொட்டி சாப்பிடுங்கள். தகட்டில் கொத்தும் சத்தத்தைக் கேட்டு ஹல்க் யுத்தம் மறுபடி தொடங்கிவிட்டதென்று எழும்பிவிடாமல் யாராவது தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கடிதங்களுக்காக நீங்கள் பாராளுமன்றம் வரை போகவேண்டியிருக்கும். அது இப்போது கோட்டேயில்தான் இருக்கிறது. ஓட்டோவில் போனால் அதிக தூரமில்லை. சாரதி மூன்று நாள் சுற்றிக் கூட்டிப்போனால் கோபிக்க வேண்டாம், அது பழைய வழக்கம். ஏறுமுன் மீற்றர் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை நான்காம் மாடிவாசி ஒருவர்