காதருக்கு, பூநாரைகள் விஷயமாக

ராமேசுவரம்
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள காதர்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். சீனி அண்ணன் அந்த சைக்கிள் பாக்கியை இன்னும் மறக்கவில்லை. நீ ஊருக்கு வந்தால் சந்தைப்பேட்டைப் பக்கம் தலைகாட்டாதே.

உன் மகன் நேற்று இரவு போனில் பேசினான். 400 மி.மீ. லென்ஸ் வாங்கியிருக்கிறானாம், தனுஷ்கோடிக்கு வந்து பூநாரைகள் (ஃபிளமிங்கோ) பறப்பதைப் படமெடுக்க வேண்டுமாம். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் இருவர் வீட்டிலும் பறவைப் பித்து என்னோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னான். பணம் கொடுத்தால் கூட்டத்தை விரட்டி எழுப்பிவிட ஆள் கிடைக்குமாம், ஒரே காலையில் வேலை முடிந்துவிடுமாம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு.

அவன் ஆசை எனக்குப் புரிகிறது. நிற்கும்போது பூநாரை ஏறக்குறைய வெள்ளைதான். சிறகை விரித்தால்தான் உள்ளே மடித்து வைத்திருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். அதைப் பார்த்தவனுக்கு மறுபடி பார்க்காமல் இருக்க முடியாது. போன வாரம் கோதண்டராமர் கோயில் பக்கம் சிலர் கைதட்டிக்கொண்டே சேற்றில் இறங்கி ஓடினார்கள். கூட்டம் முழுவதும் எழுந்து தூரத்துக் கரைக்குப் போய்விட்டது. அவர்களுக்குக் கிடைத்தது வால் பக்கத்துப் படம். காதர், அந்தப் பறவை இவ்வளவு தொலைவு வருவது தின்பதற்காக. காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்னவே பகலில் பெரும்பகுதி போய்விடுகிறது. நாளுக்கு நான்கு முறை விரட்டினால் அது எப்போது தின்னும்? 2025 ஜூனில் அரசு இங்கே சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. ஊருக்கே பெருமையாக இருந்தது. காவல் என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

பொறுத்திருந்தால் அது தானாகவே எழும். எழப்போவதையும் முன்கூட்டியே சொல்லிவிடும். கவிழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். வாத்துக் கூட்டம் போல ஒரு சலசலப்பு கேட்கும். எல்லாம் காற்றை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கும். பிறகு தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓட்டம், அதன் பிறகே சிறகடிப்பு. இவ்வளவுக்கும் நேரம் இருக்கிறது, காமிராவைத் தூக்கிக் குறிபார்த்துவிடலாம்.

காற்றைப் படிக்க அவனுக்குச் சொல்லிக்கொடு. உன் வாப்பா வள்ளத்தில் போனவர், உனக்கா தெரியாது? பறவைகள் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். இப்போது வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. காலையில் வெயிலும் வாடையும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து வருகின்றன. இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பறவை நம்மைப் பார்த்தே எழும்பும், முகத்தில் வெளிச்சமும் இருக்கும். மாலையில் வெயில் மேற்கே போய்விடும், வாடை அங்கேயே நிற்கும். அப்போது வெளிச்சத்தை நம்பி நின்றால் பறவையின் முதுகுதான் கிடைக்கும். இது தெரியாமல் எவ்வளவு விலையுள்ள லென்ஸ் வாங்கி என்ன பயன்?

முதலில் அவன் கை பழகட்டும். மீன் இறங்கும் துறைக்குக் கூட்டிப் போகிறேன். செம்பருந்து மீன்கழிவுக்காகத் திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுற்றும்; ஒருமுறை தப்பினால் மறுமுறை வரும். காலால் கவ்விய மீனைப் பறந்துகொண்டே தலை குனிந்து கொத்தித் தின்னும். அந்தக் கணத்தில் கண்ணில் ஃபோகஸ் நின்றுவிட்டால் அவன் பாதி தேறிவிட்டான். ஷட்டர் வேகம் நொடியில் 2000-இல் ஒரு பங்கு போதும். வெளிச்ச அளவை அந்த வெள்ளைத் தலைக்கு ஏற்றபடி வைக்கச் சொல், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெளிறிப்போகும். அடுத்து கடற்காகம். அதன் பிறகு ஆலா என்ற கடற்பறவை. ஆலா காற்றில் நின்று சட்டென்று தலைகீழாகப் பாயும், அதற்கு நொடியில் 3200-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். இதெல்லாம் கைவந்த பிறகு பூநாரையிடம் போகலாம். சாலை ஓரத்திலேயே உட்காருவோம், தண்ணீரில் கால் வைக்க நான் விடமாட்டேன். அன்று அவை எழாவிட்டால் மறுநாள் போவோம்.

பொங்கல் விடுமுறையில் வேண்டாம், தனுஷ்கோடியின் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை வரைக்கும் ஜனக்கூட்டம். அதற்கு அடுத்த வாரம் ரயிலில் வாருங்கள், புதிய பாம்பன் பாலத்தையும் பார்த்ததாக இருக்கும். லென்ஸுக்கு உறையும், துடைக்க நல்ல பருத்தித் துணியும் எடுத்துவரச் சொல். மணலோடு உப்பும் பறக்கிற ஊர் இது. தேதியை எழுது, மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்