பின்னத்தை விளக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்

ஐயா,

தொடக்கப் பள்ளி மாணவர்களின் கணிதத் திறன் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம் கண்டேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பறைக்குப் பாட்டும் செயல்பாடும் பயிற்சி நூலும் கொண்டுவந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிளஸ் டூவில் எந்தப் பிரிவைப் படித்தவரும் சேரக்கூடிய, தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கான இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில், பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவந்த ஒருவருக்கு, கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் அளவுக்குக் கணக்கின் உட்பொருளையும் சொல்லித்தருகிறோமா என்பதைத் தலையங்கம் தொடவில்லை. அவருக்குத் தேவை நுண்கணிதம் அன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஏன் அப்படிப் போடப்படுகிறது என்ற தெளிவே.

ஆசிரியர் பயிற்சி நிறுவனமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஒருமுறை அரையைக் காலால் வகுக்கச் சொன்னபோது, வகுப்பு முழுவதும் தலைகீழாக்கிப் பெருக்கி நொடியில் இரண்டு என்றது. அதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு எழுதுங்கள் என்றதும், அரை லிட்டர் பாலை நான்கு பேருக்குப் பங்கிடும் கணக்கையே பலரும் எழுதினர். அதன் விடை அரைக்கால் லிட்டர், அதாவது எட்டில் ஒரு பங்கு; இரண்டு அன்று. அரை லிட்டரில் எத்தனை கால் லிட்டர் என்று கேட்க வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை (தினமும் பால் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள்தாம்!). ஆகவே, பட்டயத் தேர்வின் கணிதத் தாளில் ஒரு பகுதி வினாக்களையேனும், மாணவன் போட்ட தவறான கணக்கைக் காட்டி, அவன் எங்கே, ஏன் பிசகினான் என்று விளக்கக் கேட்பனவாக அமைக்க, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருச்சி